ஒன்பது மணிக்கு வந்த பசி

டீச்சர் பதில்கள்

போன மாதம் ஒரு பதிலின் கடைசியில், “உங்கள் வீட்டில் யாரும் தீர்மானிக்காமலே நடக்கிற காரியம் எது?” என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி டிவியையும் செல்போனையும் பற்றித்தான். சரி, இந்த மாதம் அதையே பேசுவோம்.

டீச்சர், வணக்கம். நாம் டிவி பார்ப்பது பொழுதுபோக்குக்குத்தான், அதில் வருவதை நம்புவதும் இல்லை, அது சொன்னபடி நடப்பதும் இல்லை என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் இதோ பாருங்கள் என்று எடுத்துக்காட்டத் தெரியவில்லை.
– வாசகி, அம்பாசமுத்திரம்

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பொய் இல்லை, தாயி. மனதாரத்தான் சொல்கிறார். 2023 டிசம்பருக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அந்த மாதம் 17-ஆம் தேதி, மார்கழி பிறந்த அன்று, ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் என் தங்கை வீட்டில் இருந்தேன். பிடித்த மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது என்பதும், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்று நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டதும் நாடு முழுக்கத் தெரிந்த செய்தி. பக்கத்திலேயே இருந்த எங்களுக்கு அன்றைக்கு அது தெரியாது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. கீழ் வீட்டில் முழங்கால் தண்ணீர். நாங்கள் ஏழு பேர் மாடி அறையில்.

இரண்டாம் நாள் சாயங்காலம், தங்கையின் மாமியார் பூஜை அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்த காமாட்சி விளக்கை ஏற்றினார். எண்பது வயது தாண்டிய ஆச்சி. ஏற்றிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சின்னவன் பசிக்கிறது என்றான். பெரியவளுக்கும் பசி. பார்த்தால் எனக்கும் பசி. கைக்கடிகாரத்தில் மணி ஆறே முக்கால். கஞ்சியும் தேங்காய்த் துவையலும் இருந்தன. ஏழு மணிக்கெல்லாம் சாப்பிட்டு முடித்தோம். எட்டு மணிக்குப் பிள்ளைகள் இரண்டும் தூங்கிவிட்டன. “விளக்கு வச்சா சோறுதான, இதுல என்ன அதிசயம்” என்றார் ஆச்சி.

சில நாள் கழித்துக் கரண்ட் வந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது மணி ஒன்பது பத்து. ஒன்பது மணிக்கு ஒரு தொடர் முடியும், அடுத்தது தொடங்கும். நடுவில் வருகிற விளம்பரத்தில்தான் அந்த வீட்டில் தட்டு எடுக்கிற சத்தம் கேட்கும். ஜன்னல் வழியே பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் அதே சத்தம். தங்கைதான் ஒன்பது மணி என்று வைத்தாளா? இல்லை. அவள் மருமகளும் வைக்கவில்லை. மச்சானுக்கு ராத்திரி மாத்திரை உண்டு, சீக்கிரம் சாப்பிட்டால் அவருக்கு நல்லது. எல்லோருக்கும் ஏழு மணிக்கே வருகிற பசி, யாரும் சொல்லாமல் ஒன்பது மணிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. எத்தனை வருஷமாக என்று கேட்டேன். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே உங்கள் வீட்டுக்காரரிடம் “டிவியில் வருவதை நம்புகிறீர்களா” என்று கேட்காதீர்கள். நம்புவதும் நம்பாததும் அவர் கையில் இருக்கிறது, இல்லை என்றுதான் சொல்வார். ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, பிள்ளைகள் தூங்குவது எப்போது, வீட்டு நாற்காலிகள் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கின்றன, அவற்றை அப்படிப் போட்டது யார் என்று கேளுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணையில் உட்கார்ந்தவர் தெருவைப் பார்த்து உட்காருவார். போகிற வருகிறவர்களிடம் பேச்சு நடக்கும். இப்போது விருந்தாள் வந்தால் அவரும் நாமும் சேர்ந்து ஒரு சுவரைப் பார்த்து உட்காருகிறோம்.

டீச்சர், நான் பீடி சுற்றுகிறேன். தட்டை மடியில் வைத்தால் டிவியைப் போட்டுவிடுவேன். பார்க்கிறதெல்லாம் இல்லை, காதில் கேட்கத்தான் செய்கிறேன். கண் இலையில்தான் இருக்கும். சத்தம் இல்லாவிட்டால் கை ஓடமாட்டேன் என்கிறது. இதில் என்ன தப்பு என்று என் மாமியாருக்குச் சொல்லுங்கள்.
– வாசகி, முக்கூடல்

தப்பு இல்லை, மகளே. என் அம்மாவும் பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தாள். அப்பா கொழும்பில் கடையில் இருந்தபோது கொண்டுவந்த டிரான்சிஸ்டர் அவள் பக்கத்திலேயே இருக்கும். அம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. காலையில் ஏழே காலுக்கு டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல் வரும். “டெல்லிச் செய்தி போட்டாச்சு, இன்னும் தலை சீவலையா” என்று அங்கிருந்தே சத்தம் போடுவாள். மத்தியானம் இலங்கை வானொலி. நாலு பாட்டுக்கு ஒரு கட்டு, அதாவது 25 பீடி, என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. ஐந்தாவது பாட்டு தொடங்கியும் கட்டு முடியவில்லையென்றால் கை வேகம் கூடும். பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருக்கிற எனக்கு, நூல் சுற்றி இழுக்கிற சத்தத்திலேயே அது தெரியும்.

ஆக, உழைப்புக்குத் துணையாகக் குரல் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வித்தியாசத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். பாட்டு மூன்று நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும், முடிந்ததும் மனசும் இறங்கிவிடும். தொடர் முடிகிறதே இல்லை. யாரோ ஒருத்தி பாலில் எதையோ கலக்கிறாள், யாரோ கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறார்கள், அப்படியே நிறுத்தி ‘நாளை’ என்று போட்டுவிடுகிறார்கள். கண் இலையில் இருந்தாலும் காது அதைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறது. அதுவும் ஒரு நாளைக்கு அஞ்சாறு மணி நேரம். அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ப்னர் என்ற பேராசிரியர் பல வருஷம் இதை ஆராய்ந்தார். டிவியை அதிக நேரம் பார்க்கிறவர்கள், குறைவாகப் பார்க்கிறவர்களைவிட உலகத்தை அதிகச் சந்தேகத்தோடும் பயத்தோடும் பார்க்கிறார்கள் என்று சொன்னார். உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். மாமியார் ஒரு நாள் பேசாமல் இருந்தால், “முட்டு வலியாக இருக்கும்” என்று முதலில் தோன்றுகிறதா, “என்னவோ மனசில் வைத்திருக்கிறார்” என்று தோன்றுகிறதா?

இரண்டாவதுதான் என்றால், வாரத்தில் நாலு நாள் பாட்டைப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். மாமியாருக்கும் பிடித்த பழைய பாட்டாக இருக்கட்டும்.

என் பேரனுக்கு எங்கள் அப்பா பெயரான சுடலைமுத்துவை வைக்கச் சொன்னேன். மருமகள் செல்போனில் தேடி ஒரு பெயர் வைத்திருக்கிறாள். எனக்கு அது வாயில் நுழையவில்லை. யாரைக் கோபிப்பது?
– வாசகர், வள்ளியூர்

யாரையும் கோபிக்க வேண்டாம், அண்ணாச்சி. மருமகளை நிச்சயமாக வேண்டாம். அவள் தன் பிள்ளைக்கு நல்ல பெயர் வேண்டும் என்று தேடியிருக்கிறாள். நல்லது எது என்று அவளுக்குச் சொன்ன இடம்தான் வேறு.

நான் 1979-ல் முதல் வகுப்பு எடுத்தபோது என் வருகைப் பதிவேட்டில் மூன்று இசக்கியம்மாள். “இசக்கி” என்று கூப்பிட்டால் மூன்று பேரும் எழுந்து நிற்பார்கள். பேச்சிமுத்து, மாடத்தி, முப்பிடாதி, உச்சிமாகாளி, சொரிமுத்து, பாபநாசம், கோமதி, காந்திமதி. அந்தப் பக்கத்தை விரித்து வைத்தால் நம் ஜில்லா வரைபடம்தான். கோமதி என்றால் சங்கரன்கோவில் பக்கம் அவர்களுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கும். சொரிமுத்து என்றால் ஆடி அமாவாசைக்குக் காரையாறு மலைக்கு வண்டி கட்டுகிற குடும்பம். அந்தோணி, சேவியர் என்றால் கடற்கரையில் ஒரு கோயில் இருக்கும். பெயரைக் கேட்டாலே எந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எந்தப் பிள்ளை லீவு போடும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் ரமேஷ், சுரேஷ் வந்தார்கள். வரிசையாகச் சினிமாப் பெயர்கள் வந்தன. நான் ஓய்வு பெற்ற வருஷத்துப் பதிவேட்டில் ‘ஷ்’ என்றும் ‘ஷா’ என்றும் முடிகிற பெயர்களாக இருந்தன. அந்தப் பிள்ளைகள் நாகர்கோவிலா, நாக்பூரா என்று பெயரை வைத்து யாரும் சொல்ல முடியாது. ஒரு பெற்றோரிடமும் யாரும் வந்து “இசக்கி என்று வைக்காதே” என்று சொன்னதில்லை. ஆனால் படத்தில் சுடலை, மாடசாமி என்று பெயர் வந்தால் பெரும்பாலும் அது வேலைக்காரருக்கோ அடியாளுக்கோதான் வந்தது. நாயகனுக்கு வேறு பெயர். இருபது முப்பது வருஷம் அதைப் பார்த்த தாய் பிள்ளைக்கு எந்தப் பெயரைத் தேடுவாள்?

பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். சர்டிபிகேட்டில் அவள் வைத்த பெயர் இருக்கட்டும். நீங்கள் வீட்டில் சுடலைமுத்து என்றே கூப்பிடுங்கள். சுடலைமுத்து யார், என்ன விவசாயம் செய்தார், எந்தக் கிணறு வெட்டினார் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே கூப்பிடுங்கள்.

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். “நான் கருப்பா இருக்கேன்” என்று குடும்ப போட்டோவில் நிற்க மாட்டேன் என்கிறாள். செல்போனில் முகத்தை வெளுப்பாக்கித்தான் எடுக்கிறாள். சத்தியமாக வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை, டீச்சர்.
– வாசகி, ராதாபுரம்

நம்புகிறேன் அம்மா. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

சிவப்பாக்கும் என்று சொல்லி விற்ற அந்த கிரீம் 1975-ல் நம் நாட்டில் கடைக்கு வந்தது. பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்தது 2020-ல். நடுவில் 45 வருஷம். கருப்பாக இருந்த பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை, மாப்பிள்ளை வரவில்லை, நிறம் மாறியதும் எல்லாம் வந்தது என்று அரை நிமிஷக் கதையை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை காட்டினார்கள். உங்கள் அம்மா பார்த்தார், நீங்கள் பார்த்தீர்கள். இப்போது விளம்பரமும் தேவையில்லை. சில செல்போன் கேமராக்கள் நம்மைக் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கிக் காட்டுகின்றன. கண்ணாடியில் ஒரு முகம், போனில் ஒரு முகம். போன் முகம்தான் சரியானது, கண்ணாடி முகத்தில்தான் குறை என்று பதினொரு வயதுப் பிள்ளை முடிவு கட்டிவிடுகிறாள். வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். யாருமே சொல்லாத ஒன்றை யாரிடம் எதிர்த்துப் பேசுவாள்?

நான் செய்த ஒரு காரியத்தையும் எழுத வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆண்டு விழா நடனத்துக்கு வெளுப்பான பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்துவார்கள். நானும் நிறுத்தியிருக்கிறேன். “மேடையில் எடுப்பாக இருக்கும்” என்று சொல்லிக்கொள்வோம். ஒரு வருஷம், எல்லோரையும்விட நன்றாக ஆடுகிற பிள்ளை மூன்றாம் வரிசையில் நின்று ஆடினாள். பச்சைப் பாவாடை, தாவணியை இடுப்பில் செருகி, முன்னால் இருப்பவர்களின் தோளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் கையை நீட்டி நீட்டி ஆடினாள். முடிந்ததும் வேர்க்க வேர்க்க என்னிடம் வந்து, “டீச்சர், அடுத்த வருஷம் பவுடர் கூடப் போட்டா முன்னால நிக்கலாமா?” என்று கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொல்லி அனுப்பியிருப்பேன். அவளுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை.

உங்கள் மகளிடம் “நீ கருப்பு இல்லை, மாநிறம்தான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கருப்பாக இருப்பது குறை என்று நாமும் ஒப்புக்கொண்டதாகிவிடும். கேமராவில் முகத்தை மெழுகுகிற அமைப்பை நிறுத்தி வையுங்கள். அவள் ஓடும்போது, சைக்கிள் மிதிக்கும்போது, சிரிக்கும்போது தெரியாமல் படம் எடுத்துக் காட்டுங்கள். ஒரு சனிக்கிழமை திருநெல்வேலி டவுனுக்குக் கூட்டி வாருங்கள், கரியமாணிக்கப் பெருமாள் கோயிலுக்கு. கரிய மாணிக்கம் என்று சாமிக்கே பெயர் சொல்லிக் கும்பிடுகிற ஊர் நம்முடையது. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.

அட்சய திருதியைக்கு ஒரு கிராமாவது எடுக்கவில்லையென்றால் ஆகாது என்று வீட்டில் சண்டை. இது பழைய வழக்கமா?
– வாசகர், தென்காசி

என் அம்மா காலத்தில் பிசானம் அறுத்து நெல் விற்ற கையோடு நகை எடுப்பார்கள், இல்லையென்றால் கல்யாணத்துக்கு எடுப்பார்கள். அட்சய திருதியைக்கு நகைக்கடை வாசலில் வரிசையில் நின்றவர்களை என் சின்ன வயதில் நான் பார்த்ததே இல்லை. முழுப்பக்க விளம்பரங்கள் வந்த பிறகுதான் பார்த்தேன். கையில் காசு இருந்தால் எடுங்கள். கடன் வாங்கி எடுக்க வேண்டாம்.

தங்கச்சி கல்யாணத்தில் மெஹந்தி நிகழ்ச்சி, நடனம் எல்லாம் உண்டு. மறுவீட்டுக்குச் சொதி வைக்கலாம் என்றால் “அதெல்லாம் யார் சாப்பிடுவா” என்கிறார்கள்.
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

மருதாணிதான் மெஹந்தி. அம்மியில் அரைத்து வைத்தாலும் சிவக்கும், கூம்பில் வாங்கி வைத்தாலும் சிவக்கும். பிள்ளைகள் ஆடட்டும், சந்தோஷம்தானே. சொதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கெட்டித் தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். சமைக்கிற தவசுப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இலையில் விழுந்த பிறகு யார் சாப்பிடுவார்கள் என்று பார்க்கலாம்.

நான் தொடரும் பார்ப்பதில்லை, சினிமாவும் பார்ப்பதில்லை. காலையில் டீக்கடையில் பேப்பர், ராத்திரி செய்தி. செய்தியும் நம்மை மாற்றுமா?
– வாசகர், சேரன்மகாதேவி

மாற்றும். நல்ல விதமாகவும் மாற்றியிருக்கிறது, அதை முதலில் சொல்கிறேன். திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழியில் பிறந்த சி.பா.ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற தமிழ் என்பதில் பிடிவாதமாக இருந்தார். டீக்கடை பெஞ்சில் பேப்பரைக் கூட்டிப் படித்தே எழுத்துப் பழகிய பெரியவர்களை எனக்குத் தெரியும். 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தினமலர் 1957-ல் நம் திருநெல்வேலிக்கே வந்தது. 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைப் பற்றி வானொலியில் கேட்டே விவசாயிகள் பயிர் வைத்தார்கள், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. நம் கோயில் கொடைகளில் மைக் பிடிக்கிற தம்பி திடீரென்று குரலை மாற்றி “அன்பு நேயர்களே” என்பான் பாருங்கள், அந்தக் குரல் கொழும்பிலிருந்து வந்தது.

மாற்றுகிற விதத்தை ஒரு மடையை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊரில் கன்னடியன் கால்வாய் ஓடுகிறது. எந்த வயலுக்குத் தண்ணீர் என்பதை மடை திறக்கிறவர் முடிவு செய்கிறார். என்ன பயிர் வை என்று அவர் சொல்வதில்லை. ஆனால் தண்ணீர் வராத வயலில் எதுவும் விளையாது. பேப்பரும் செய்தி சேனலும் அப்படித்தான். இந்தக் கட்சிதான் நல்லது என்று அவர்கள் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஆனால் இன்றைக்கு எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை அவர்கள்தான் திறந்துவிடுகிறார்கள். 1968-ல் அமெரிக்காவில் சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரிடம் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள், நாட்டில் முக்கியமான பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அவர்கள் எவற்றை முக்கியம் என்று சொன்னார்களோ, ஏறக்குறைய அவற்றுக்குத்தான் அங்கே வந்த செய்திகளும் முக்கியத்துவம் கொடுத்திருந்தன. கல்லூரியில் படிக்கிற என் பேத்தி இதைப் படித்துக் காட்டியபோது எனக்கு டீக்கடை பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது.

நாளைக் காலையில் ஒன்று செய்து பாருங்கள். கடைக்குப் போவதற்கு முன்னால், நம் தெருவுக்கு இன்றைக்கு எது முக்கியம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கால்வாயில் தண்ணீர் எப்போது வரும், ரேஷன் கடையில் பருப்பு வந்ததா, எதுவாக இருந்தாலும் சரி. பெஞ்சில் அரை மணி நேரம் பேசிவிட்டு எழுந்திருக்கும்போது தாளை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ளதை யாராவது பேசினார்களா என்று எனக்கு எழுதுங்கள்.

டீச்சர், நான் ஐந்தாம் வகுப்பு. எங்க ஆச்சி எங்க அத்தையை ‘மைனி’ன்னு கூப்பிடச் சொல்லி எங்க அம்மாவைத் திட்டுறாங்க. அம்மா ‘அண்ணி’ன்னுதான் கூப்பிடுறாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?
– வாசகி, பத்தமடை

நல்ல கேள்வி கேட்டாய், கண்ணு. மதினி என்பதைத்தான் நாம் மைனி என்கிறோம். அண்ணன் மனைவி மைனி. ஆனால் அதோடு முடியவில்லை. அத்தை மகளோ மாமா மகளோ உன்னைவிட மூத்தவளாக இருந்தால் அவளும் உனக்கு மைனிதான். ஏன் தெரியுமா? அந்தக் காலத்தில் உன் அண்ணன் அவளைத்தான் கட்டுவான், அதனால் முதலிலேயே அந்தப் பெயர். ‘அண்ணி’யில் அண்ணன் மட்டும்தான் இருக்கிறான். ‘மைனி’க்குள் அத்தை வீடும் மாமா வீடும் சேர்ந்து இருக்கின்றன. என் சின்ன வயதில் எங்கள் தெருவில் யாரும் ‘அண்ணி’ என்று கூப்பிட்டுக் கேட்டதில்லை. சினிமாவிலும் தொடரிலும் கேட்டுக் கேட்டு வந்த சொல் அது. அம்மா தெரிந்து மாற்றவில்லை, அவர்களைக் கோபிக்காதே.

ஆச்சியிடம் உட்கார்ந்து, இந்த மாதிரி அவருக்குத் தெரிந்த முறைப் பெயர்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள். கொழுந்தன், கொழுந்தியாள், சம்பந்தி, சகலை என்று ஒன்று விடாமல் கேள். யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று பக்கத்திலேயே எழுது. எழுதி முடித்ததும் ஒரு பிரதி எனக்கு அனுப்பு. நான் மறந்து போன சொற்களும் அதில் இருக்கும்.